பொற்கை முதல் இதயமுடுக்கி வரை

பாண்டிய மன்னருள் ஒருவனுக்குப் பொற்கைப் பாண்டியன் என்று பெயர் வழங்கியதை நாம் அறிவோம். சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் பாண்டியர் குடியின் செங்கோன்மையைக் கண்ணகிக்கு எடுத்துரைக்கும்போது இவன் வரலாற்றையும் கூறுகிறது. கீரந்தை என்பானுடைய மனைவி இருந்த வீட்டின் கதவைத் தட்டிவிட்ட குற்றத்திற்காக அரசன் தன் கையைத் தானே துணித்துக்கொண்டான். சிலம்பு சில அடிகளில் சொல்லி முடிப்பதைப் பிற்காலக் கதைகள் விரித்துரைக்கின்றன. ஐயம் ஒரு வீட்டின்மேல் மட்டும் விழாதிருக்கத் தெருவில் இருந்த எல்லாக் கதவுகளையும் அவன் தட்டிச் சென்றான் என்றும், மறுநாள் அவையில் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்றும், வெட்டுண்ட இடத்தில் பொன்னாற் செய்த கை பொருத்தப்பெற்றது என்றும் அவை கூறும்.

இக்கதையைக் கேட்ட பள்ளிச் சிறுவன் ஒருவன், "அப்படியானால் அந்த ராஜாதான் முதல் சைபார்க்கா?" என்று நம்மைக் கேட்டான். திரைப்படத்தில் பாதி உடல் இரும்பாகிப் போன மனிதர்களைப் பார்த்துப் பழகியவன் அவன். சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை என்பதே உண்மை. உடலில் உலோகம் சேர்ந்தால் சைபார்க் ஆகிவிடுமா? அப்படியானால் பல்லுக்குப் பொன் கட்டிக்கொண்ட பாட்டியை என்னென்பது? நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு மாலையில் காய்கறி வாங்கி வரும் பெரியவரை என்னென்பது?

'இயந்திர மனிதன்' என்று தமிழில் எழுதிவிடுவார்கள். அச்சொல் ரோபோவுக்கும் வழங்கிவருவதால் குழப்பமே மிஞ்சுகிறது. ரோபோ முற்றிலும் இயந்திரம். அதனுள் உயிர் இல்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற நாய் எவ்வளவு சுவையாகப் பேசினாலும் அது ரோபோதான். 2010ஆம் ஆண்டு வெளிவந்த 'எந்திரன்' படத்துச் சிட்டியும் அவ்வாறே. சைபார்க் என்பது வேறு. உயிருள்ள உடலும் கருவியும் ஒன்றாகப் பிணைந்து வாழும் வாழ்வு அது. எவ்வகைப் பிணைப்பு என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

நற்பேறாக, இச்சொல்லின் பிறப்பு தெளிவாகத் தெரிந்த ஒன்று. 1960ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் வெளிவந்த 'அஸ்ட்ரோநாட்டிக்ஸ்' என்னும் இதழில், மான்ஃபிரட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்னும் இருவர் எழுதிய கட்டுரையில் அது அச்சேறியது. பெயர்கள் ஒன்றுபோல் ஒலித்தாலும் இருவரும் வெவ்வேறு வழி வந்தவர்கள். கிளைன்ஸ் வியன்னாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர்; பொறியியலும் இசையும் ஒருங்கே கற்றவர்; மேடையில் வாசிக்கும் அளவு தேர்ந்த பியானோ கலைஞர். டாக்டர் கிளைனோ மனநோய் மருத்துவர். இருவரும் பணியாற்றியது நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராக்லண்டு அரசு மனநல மருத்துவமனையில். விண்வெளிக்குப் போகும் மனிதனைப் பற்றிய சொல் ஒரு மனநல மருத்துவமனையில் பிறந்தது என்பது நமக்கு வியப்பைத் தருகிறது.

டாக்டர் கிளைனுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. சர்ப்பகந்தி என்னும் மூலிகையை நம் வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவர். அதன் வேர் பித்துப் பிடித்தவர்களை அமைதிப்படுத்தும், இரத்த அழுத்தத்தையும் தணிக்கும் என்று 1931ஆம் ஆண்டு கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் எழுதினர். 1949ஆம் ஆண்டு பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்த அழுத்த நோயில் அதன் பயனைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் விளக்கினார். அவ்வேரிலிருந்து 1952ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் என்னும் மருந்தை அமெரிக்க மனநல மருத்துவமனைகளில் புகுத்தியவர்களுள் முன்னோடி டாக்டர் கிளைன். 1957ஆம் ஆண்டு லாஸ்கர் பரிசு பெற்றவர்களின் பட்டியலில் வக்கீலும் கிளைனும் ஒருங்கே இடம்பெற்றனர். ஒரு சிறு வேதிப்பொருள் மனித மனத்தின் போக்கையே மாற்றுவதைக் கண்ணாரக் கண்டவர் கிளைன். உடலுக்குள் மருந்தைச் சரியான நேரத்தில் சரியான அளவில் செலுத்தும் கருவி ஒன்று இருந்தால் மனிதனால் எங்கும் வாழ முடியும் என்று அவர் நம்பியதில் வியப்பில்லை.

கட்டுரையின் கருத்து இதுதான். விண்வெளிக்குச் செல்பவன் பூமியின் காற்றையும் வெப்பத்தையும் ஒரு கூண்டுக்குள் அடைத்துத் தூக்கிச் செல்கிறான். கூண்டில் ஓட்டை விழுந்தால் அவன் கதி அதோகதி. இது, நீரை விட்டுக் கரையேற விரும்பும் மீன் ஒரு தொட்டி நீரையும் உடன் உருட்டிக்கொண்டு வருவதைப் போன்றது. அதற்கு மாறாக, மீனுக்கே கரையில் வாழும் உடலைத் தந்தால் என்ன? மனிதனின் உடலில் சில கருவிகளைச் சேர்த்து, புதிய சூழலுக்கு ஏற்ப அவ்வுடல் தானாகவே தன்னைச் சரிசெய்துகொள்ளும்படி செய்தால் என்ன? 'தானாகவே' என்னும் சொல்லை நாம் அடிக்கோடிட விரும்புகிறோம். கருவிகளைக் கவனிப்பதிலேயே அவன் பொழுது கழிந்தால் அவன் இயந்திரத்திற்கு அடிமையாகிறான் என்றும், அவ்வேலையை உடல் தன்னறியாமல் பார்த்துக்கொண்டால்தான் அவன் ஆராயவும் எண்ணவும் உணரவும் உரிமை பெறுகிறான் என்றும் அவர்கள் கருதினர்.

சைபார்க் என்ற சொல் முதன்முதலில் யார்மேல் சூட்டப்பட்டது தெரியுமா? ஒரு வெள்ளெலியின்மேல். அக்கட்டுரையோடு வெளிவந்த படத்தில் 220 கிராம் எடையுள்ள எலி ஒன்று காணப்படுகிறது. அதன் தோலுக்கடியில் ரோஸ் என்பவர் ஆக்கிய சவ்வூடு பரவல் பம்பு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. மருந்தைச் சிறுகச் சிறுக, இடைவிடாமல், எலியின் கவனம் ஏதுமின்றி அது செலுத்திக்கொண்டிருந்தது. இரும்புக் கையும் இல்லை, செந்நிறக் கண்ணும் இல்லை. திரைப்படங்கள் காட்டும் சைபார்க்கை எண்ணி அப்படத்தைப் பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா 1963ஆம் ஆண்டு இப்பொருள் பற்றி ஓர் ஆய்வறிக்கையைப் பெற்றது. பின்னர் அவ்வழியில் அது செல்லவில்லை. இன்றும் விண்வெளி வீரர்கள் தொட்டி நீரை உருட்டும் மீன்களாகவே போய் வருகிறார்கள்.

சொல்லின் முற்பாதியாகிய 'சைப்' என்பது 'சைபர்னெட்டிக்ஸ்' என்னும் துறைப்பெயரிலிருந்து வந்தது. அமெரிக்கக் கணித மேதை நார்பர்ட் வீனர் 1948ஆம் ஆண்டு வெளியிட்ட நூலால் அப்பெயர் பரவிற்று. 1955-56இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் தங்கிப் பணியாற்றியவர் அவர். அத்துறைப்பெயருக்கு வேர், கப்பலின் சுக்கானைப் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நம் முன்னோர் மீகாமன் என்றது அவனையே. மீகாமன் செய்வது என்ன? கலம் இடப்பக்கம் விலகினால் அதைக் கண்டு வலப்பக்கம் திருப்புகிறான். மிகுதியாகத் திரும்பிவிட்டால் அதையும் கண்டு குறைக்கிறான். செயலின் விளைவைப் பார்த்து, அதற்கேற்ப அடுத்த செயலைத் திருத்துதல். இதனைப் பின்னூட்டம் என்பர். நம் உடல் வெயிலில் வியர்ப்பதும் குளிரில் நடுங்குவதும் இம்முறையால்தான்.

இப்போது நம்மிடம் ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. கருவி உடலுக்குள் இருக்கிறதா, வெளியில் இருக்கிறதா என்பது முதன்மையன்று. பொன்னா, இரும்பா, ரப்பரா என்பதும் முதன்மையன்று. உடலின் சுக்கானை, அதன் ஒரு பகுதியையாவது, அக்கருவி பிடித்திருக்கிறதா என்பதே கேள்வி.

இவ்வளவுகோலால் பார்த்தால் பாண்டியனின் பொற்கை சைபார்க் ஆகாது. அது அணி, மானத்தின் சின்னம். இருக்கு வேதத்தில் விச்பலை என்பாளுக்கு அசுவினி தேவர்கள் உலோகக் கால் அளித்ததாகக் கூறப்படுகிறது. விச்பலை பெண்ணா, பந்தயக் குதிரையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. யாராயினும், அக்காலும் தாங்குமேயன்றி ஆளாது. சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயிற்பொறி ஊர்தி. அதன் சுக்கான் அவள் கையிலேயே இருந்தது. மூக்குக் கண்ணாடியும் பொய்ப்பல்லும் இவ்வரிசையில் அடங்கும். பிற்காலத்தில் கிளைன்ஸ் இவ்வெல்லையைச் சற்றே தளர்த்தி, மிதிவண்டி ஓட்டுபவனும் ஏறத்தாழ ஒரு சைபார்க்தான் என்று பேசினார். ஆக்கியோன் கருத்தென்றாலும் அதை நாம் ஏற்கத் தயங்குகிறோம். மிதிவண்டியிலிருந்து நினைத்தபோது இறங்கிவிடலாம் அல்லவா?

ஜெய்ப்பூர்க் காலைப் பற்றி ஈண்டு ஒரு சொல். 1968ஆம் ஆண்டு ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது அது. மேனாட்டார் செய்த செயற்கைக் கால்கள் சப்பாத்து அணிந்து நாற்காலியில் அமர்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. சம்மணமிட்டு உட்கார, குந்தி அமர, வெறுங்காலுடன் வயல் வரப்பில் நடக்க அவை உதவவில்லை. ரப்பரும் மரமும் கொண்டு செய்த ஜெய்ப்பூர்க் கால் அக்குறையைத் தீர்த்தது. 1981ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நேர்ந்த பேருந்து விபத்தின் விளைவாகக் காலை இழந்த பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், இக்காலைப் பொருத்திக்கொண்டு 1984ஆம் ஆண்டு பம்பாயில் மீண்டும் மேடையேறினார். மறுஆண்டே அவர் கதை 'மயூரி' என்ற தெலுங்குப் படமாகி, அதில் அவரே நடித்தார். அவரைச் சைபார்க் என்று சிலர் எழுதக் காண்கிறோம். அவ்வாறு சொல்வது அவர் பட்ட பாட்டைக் குறைத்துவிடும் என்பது நம் எண்ணம். அந்த ரப்பர்க் காலுக்குத் தாளம் தெரியாது. ஒவ்வோர் அடியையும் அவரே, வலியோடு, மீண்டும் கற்றுக்கொண்டார். சுக்கான் முழுவதும் அவரிடம் இருந்தது.

அவ்வாறாயின் உண்மை வாழ்வில் சைபார்க் யார்? சுவீடன் நாட்டுக்குச் செல்வோம்.

ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்னும் பொறியாளர் ஒருவர் இருந்தார். அவர் இதயத்தில் மின்துடிப்புச் செல்லும் பாதை அடைபட்டுப்போயிற்று. இதயம் நின்று நின்று துடிக்கும். ஒரு நாளில் இருபது முப்பது முறைகூட மயங்கி விழுவார். ஒவ்வொரு முறையும் உயிர்ப்பித்தாக வேண்டும். அக்காலத்தில் இதயத்தை வெளியிலிருந்து முடுக்கும் கருவிகள் இருந்தன. ஆயின் அவை பெரியவை. கம்பி நுழையும் இடத்தில் புண் வைக்கும். அறுவை மருத்துவர் ஓகே சென்னிங்கும் பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்டும் உடலுக்குள்ளேயே வைக்கத்தக்க கருவி பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தனர். மனிதர்க்கு வைக்கும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை. லார்சனின் மனைவி அதைக் கேள்வியுற்று, இருவரையும் விடாது சென்று கண்டு வற்புறுத்தினார். கருவி முடிவுறவில்லை என்றால், என் கணவருக்காக முடித்துத் தாருங்கள் என்பதே அவர் வேண்டுகோள்.

1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் அறுவை நடந்தது. அக்கருவியை ஆக்கிய முறை நம் ஊர்ப் பட்டறைகளை நினைவூட்டும். மின்னணு உறுப்புகளையும் மின்கலத்தையும் ஒரு சப்பாத்து மெருகு டப்பாவில் அடுக்கி, மேலே பிசினை வார்த்து இறுகச் செய்தார் எல்ம்குவிஸ்ட். மின்கலத்துக்கு வெளியிலிருந்து தோல் வழியே மின்னூட்டம் ஏற்றவேண்டும். முதற்கருவி சில மணி நேரத்தில் நின்றுவிட்டது. இரண்டாவதை வைத்தனர். பின்னர் ஒன்று மாற்றி ஒன்றாக, லார்சன் தம் வாழ்நாளில் 26 கருவிகளைத் தாங்கினார். 2001ஆம் ஆண்டு டிசம்பரில் தம் 86ஆம் வயதில் அவர் மறைந்தபோது அவரைக் கொண்டுசென்றது இதய நோயன்று, புற்றுநோய். கருவியை ஆக்கிய எல்ம்குவிஸ்ட் 1996இலும், பொருத்திய சென்னிங் 2000இலும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டிருந்தனர்.

நம் அளவுகோலை இங்கும் வைத்துப் பார்ப்போம். லார்சனின் முதற்கருவி கடிகாரம் போன்றது. இதயம் என்ன செய்கிறது என்று அது பார்க்கவில்லை. குறித்த இடைவெளியில் அடித்துக்கொண்டே இருந்தது. இதயம் தானாகத் துடிக்கும் வேளையிலும் அது அடிக்கும்; இரண்டு தாளம் மோதும். 1960களின் நடுவில் வந்த கருவிகள், இதயத்தின் துடிப்பைக் கவனித்திருந்து, அது தவறும்போது மட்டும் தூண்டக் கற்றுக்கொண்டன. பின்னர் வந்தவை, உடையவர் படியேறுகிறாரா, படுத்திருக்கிறாரா என்று உணர்ந்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. பக்கவாத்தியக்காரர் பாடகரின் போக்கறிந்து வாசிப்பது போல என்று சொல்லலாம். ஆகவே 1958ஆம் ஆண்டின் லார்சனை அரைச் சைபார்க் என்றும், பிற்காலத்து லார்சனை முழுச் சைபார்க் என்றும் நாம் கொள்ளலாம். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயத்தைப் பற்றி ஒருமுறையும் எண்ணாமல் அவர் வாழ்ந்தார். கிளைன்ஸும் கிளைனும் கனவு கண்ட உரிமை இதுவே. காய்கறிப் பையுடன் நடந்து வரும் பெரியவரே அவர்கள் சொன்ன விண்வெளி மனிதன்.

கதையாசிரியர்கள் இவ்வழியில் விஞ்ஞானிகளுக்கு முந்திச் சென்றவர்கள். 1839ஆம் ஆண்டிலேயே எட்கர் ஆலன் போ ஒரு படைத்தலைவரைப் பற்றி நகைச்சுவைக் கதை எழுதினார். ஊரே வியக்கும் அழகர் அவர். காலையில் அவர் அறைக்குள் தவறி நுழைந்தவன் காண்பது தரையில் கிடக்கும் ஒரு மூட்டையை. பணியாள் கால், கை, தோள், பல், கண் என்று ஒவ்வொன்றாகப் பூட்டப் பூட்ட மூட்டை படைத்தலைவர் ஆகிறது. சிரித்து முடித்தபின் ஒரு நடுக்கம் எஞ்சுகிறது.

1944ஆம் ஆண்டு சி. எல். மூர் என்னும் அமெரிக்கப் பெண்மணி எழுதிய கதை இதனினும் ஆழமானது. டீர்ட்ரே என்ற ஆடலரசி அரங்கத் தீயில் கருகிப்போகிறாள். மூளை மட்டும் தப்புகிறது. அதனைப் பொன்னிறமான உலோக உடலில் வைக்கிறார்கள். அவள் மீண்டும் மேடையேறலாமா கூடாதா என்று ஆடவர் இருவர் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, அவளோ ஆடிக் காட்டிவிடுகிறாள். சைபார்க் என்ற சொல் பிறப்பதற்குப் பதினாறாண்டு முன்னரே, 'இது யாருடைய உடல்? முடிவு செய்வது யார்?' என்னும் வினாவை இக்கதை எழுப்பிவிட்டது. சுதா சந்திரனின் கதையை அறிந்த நம்மவர் இதைப் படித்தால் இரண்டையும் ஒப்பிடாமல் இரார்.

மார்ட்டின் கெய்டின் 1972ஆம் ஆண்டு 'சைபார்க்' என்ற பெயரிலேயே எழுதிய நாவல், ஆறு மில்லியன் டாலர் மனிதனைப் பற்றிய தொலைக்காட்சித் தொடராகி உலகெங்கும் புகழ்பெற்றது. அதிலிருந்துதான் சைபார்க் என்றால் வேகமாக ஓடுபவன், சுவரைத் தாண்டுபவன் என்ற எண்ணம் ஊன்றிற்று. 1984ஆம் ஆண்டின் 'டெர்மினேட்டர்' அவ்வெண்ணத்தை அச்சமாக மாற்றியது. அதில் வரும் கொலைப்பொறியைச் சைபார்க் என்றே அழைக்கிறார்கள். ஆனால் இரும்பு எலும்பின்மேல் சதை போர்த்தியிருக்கிறதேயன்றி, அச்சதைக்கு எச்சொல்லும் இல்லை. சட்டை அணிந்த ரோபோ அது என்பதே நம் தீர்ப்பு.

நம் கேள்விக்கு நெருங்கி வருவது 1987ஆம் ஆண்டு வெளிவந்த 'ரோபோகாப்'. மர்ஃபி என்னும் காவலர் கொல்லப்படுகிறார். ஒரு பெருநிறுவனம் அவர் உடலின் எச்சத்தை இயந்திரத்தோடு பிணைத்துக் காவலுக்கு அனுப்புகிறது. அவருக்கு மூன்று கட்டளைகள் வெளிப்படையாக உள்ளன. நான்காவது ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது: அந்நிறுவனத்தின் உயர் அலுவலர் எவரையும் அவர் கைது செய்ய இயலாது. குற்றவாளியை நேரில் கண்டு கையை நீட்டும்போதுதான், தம் உடல் தம் சொல் கேளாமல் சுருண்டு விழுவதை அவர் அறிகிறார். வன்முறை மிகுந்த படம் என்று பெற்றோர் பலர் ஒதுக்குவது சரியே. ஆயினும் அந்த ஒரு காட்சி பல நூல்கள் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது. சுக்கானைப் பிடித்தவன் வேறிடத்தில் இருக்கிறான்.

இது கதைதானே என்று நாம் ஆறியிருக்க முடியவில்லை. அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராயிருந்த டிக் சேனியின் நெஞ்சில் இதயத்தை மீட்டுத் துடிக்கவைக்கும் கருவி ஒன்று இருந்தது. கம்பியில்லா முறையில் யாரேனும் அதனுள் புகுந்து அவரைக் கொல்லக்கூடும் என்று அஞ்சிய மருத்துவர், 2007ஆம் ஆண்டு அவ்வசதியை நிறுத்திவிட்டார். சேனியே இதனை 2013இல் தொலைக்காட்சியில் தெரிவித்தார். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவில் ஏறத்தாழ 4,65,000 பேஸ்மேக்கர்களில் அத்தகைய பாதுகாப்புக் குறை இருப்பதாக அறிவிக்கப்பட்டு, அவற்றின் மென்பொருளைப் புதுப்பிக்க உடையவர்கள் மருத்துவமனைக்கு அழைக்கப்பட்டனர். உண்மையில் எவரும் அவ்வழியாகத் தீங்குற்றதாக அப்போது செய்தி இல்லை.

நீரிழிவு நோயாளருக்கு இக்கேள்வி இன்னும் அணுக்கமானது. உள்ளதை உள்ளவாறு சொன்னால், அந்த 220 கிராம் எலியின் நேர் வாரிசு இரும்புக் காவலர் அல்லர். இடுப்பில் இன்சுலின் பம்பு அணிந்திருக்கும் சிறுமிதான். தோலடியில் உள்ள உணரி சர்க்கரையின் அளவைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சொல்கிறது, கணிப்பொறி கணக்கிடுகிறது, பம்பு இன்சுலினைச் செலுத்துகிறது. இம்மூன்றும் இணைந்த கருவிக்கு அமெரிக்க அரசு முதன்முதலில் 2016இல் இசைவளித்தது. ஆனால் டானா லூயிஸ் என்னும் பெண்மணி அதுவரை காத்திருக்கவில்லை. உறக்கத்தில் சர்க்கரை தாழ்ந்தால் தம் உணரியின் மணியோசை தம்மை எழுப்பப் போதாது என்று அஞ்சிய அவர், கணவருடன் சேர்ந்து தாமே மென்பொருள் எழுதினார். பின்னர்ப் பம்பையும் அதனோடு இணைத்தார். 2015ஆம் ஆண்டு அம்முறையை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். தம் உடலின் மீகாமனைத் தாமே எழுதிக்கொண்டவர் என்று அவரைச் சொல்லலாம். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று சென்னை ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த பேராய்வு 2023இல் தெரிவித்தது. அவர்களுள் மிகச் சிலருக்கே இப்பம்பு எட்டும் விலையில் உள்ளது. விரலைக் குத்திப் பார்த்து, ஊசியைத் தாமே போட்டுக்கொள்ளும் மற்றவர்கள், கிளைன்ஸ் சொன்னபடி கருவிக்காகப் பொழுதைச் செலவிடும் நிலையில்தான் இருக்கிறார்கள்.

கண்ணைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று நம்மை மிகவும் வருத்தியது. விழித்திரை பழுதுற்றுப் பார்வை இழந்தவர்களுக்காக 'ஆர்கஸ்' என்னும் செயற்கைக் கண் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. கண்ணாடியில் பதித்த படப்பொறி காணும் காட்சியை, விழித்திரையின்மேல் வைத்த 60 மின்முனைகள் ஒளிப்புள்ளிகளாகத் தரும். முகம் தெரியாது, வாயிற்படியும் சாலைக் கோடும் நிழலுருவாகத் தெரியும். இருளிலேயே வாழ்ந்தவர்க்கு அதுவே பெருஞ்செல்வம். 2013இல் அமெரிக்க அரசும் இசைவளித்தது. உலகில் 350க்கு மேற்பட்டோர் அதனைப் பொருத்திக்கொண்டனர். பின்னர் அந்நிறுவனத்திற்கு அது இலாபம் தரவில்லை. 2019இல் அக்கண்ணைக் கைவிட்டது. 2020இல் பணியாளரில் பெரும்பாலோரை நீக்கியது. கண்ணில் கருவி தாங்கியவர்களுக்கு உதிரி உறுப்பும் இல்லை, பழுது பார்ப்பாரும் இல்லை. 2022ஆம் ஆண்டு ஓர் அமெரிக்கப் பொறியியல் இதழ் இதை வெளிக்கொணர்ந்தது. நியூயார்க்கில் சுரங்க இரயில் நிலையத்தில் நடந்துகொண்டிருந்த பெண்மணி ஒருவருக்கு, நான்காண்டு பழகிய அக்கண் சில ஒலிகளை எழுப்பிவிட்டு அணைந்துபோனதை அவ்விதழ் விவரித்தது. அக்கருவி மீண்டும் இயங்கவேயில்லை. எடுக்கவும் அறுவை வேண்டும் என்பதால், செத்த கருவியைச் சுமந்தபடியே அவர் இருந்தார்.

பாண்டியனின் பொற்கை ஒன்றும் செய்யாது. ஆனால் அது என்றும் அவனுடையது. பட்டறை மூடிவிட்டது என்று எந்தப் பொற்கொல்லனும் வந்து அதனை அணைத்துவிட முடியாது. இக்காலக் கருவி எல்லாம் செய்கிறது. ஆனால் அதன் உயிர் வேறொருவர் கணக்கேட்டில் இருக்கிறது. அச்சிறுவனுக்கு நாம் சொன்ன விடையும் ஏறத்தாழ இதுதான். "அப்படியென்றால் எங்கள் தாத்தாவுடையது யாருடையது?" என்று அவன் அடுத்துக் கேட்டான். அவன் தாத்தா மூன்றாண்டுகளுக்கு முன் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்.

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்களுக்கு மருத்துவமனையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். கருவியைச் செய்த நிறுவனம், மாதிரியின் பெயர், வரிசை எண், பொருத்திய நாள் ஆகியவை அதில் இருக்கும். விமான நிலையத்துச் சோதனையில் காட்டுவதற்குரிய அட்டை அது என்று நம்மில் பலர் எண்ணி, பயணம் முடிந்ததும் எங்கோ வைத்துவிடுகிறோம். ஒரு நிறுவனத்தின் கருவியோடு பேச அந்நிறுவனத்தின் பொறிதான் வேண்டும், மற்றொன்றால் இயலாது. சென்னையில் பொருத்திக்கொண்டு, மகன் வீட்டிலும் மகள் வீட்டிலுமாக வெளிமாநிலத்தில் காலம் கழிக்கும் பெரியவர் ஒருவர் நள்ளிரவில் மயங்கினால், எந்தப் பொறியை எடுத்து வருவது என்று மருத்துவர் முதலில் தேடுவது அந்த அட்டையைத்தான். அச்சிறுவன் வீட்டில் அது சென்னை வீட்டுப் பீரோவில் இருந்தது. இப்போது அதன் படி ஒன்று தாத்தாவின் சட்டைப்பையிலும், மற்றொன்று சிறுவனின் பள்ளிப்பையிலும் இருக்கின்றன.